விருட்டென்று கிளம்பினாரா, எழுந்து போனாரா? - ‘ஸ்டார்ம் அவுட்’ சொல்லும் கதை

அண்ணனுக்குப் பழம் கிடைத்துவிட்டது. உலகத்தைச் சுற்றிவிட்டு மயிலில் வந்து இறங்கிய தம்பிக்குப் பெரிய ஏமாற்றம். அப்பா, அம்மா, அண்ணன் மூவர் மீதும் கோபம். கைலாயத்தை விட்டுக் கிளம்பியவர் நேராகப் பழனி மலையில் போய் நின்றுகொண்டார்.

நம் வீட்டுக் குட்டிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை இது. இதையே ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘முருகா வென்ட் டு பழனி’ என்றால், பஸ் பிடித்து ஊருக்குப் போனதுபோல இருக்கிறது. ‘முருகா லெஃப்ட் கைலாஷ்’ என்றாலும் கோபம் வெளியே வரவில்லை. கோபத்தைத் தனியாக, வேகத்தைத் தனியாக, கிளம்பியதைத் தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் கொட்டாவி விட்டுவிடுவார்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டே சொற்கள் போதும். ‘ஸ்டார்ம் அவுட்’. ‘முருகா ஸ்டார்ம்ட் அவுட் ஆஃப் கைலாஷ்.’ கோபம், வேகம், வெளியேறுதல் மூன்றும் வந்துவிட்டன.

சீரியல் சப்டைட்டில், செய்தித் தலைப்பு, ஆபீஸ் மெயில் என்று தினமும் எங்காவது கண்ணில் படுகிற சொல் இது. இதை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது, இதன் சொந்தக்காரச் சொற்கள் யார் யார் என்று பார்ப்போம். கூடவே, அடுத்தவரைப் பற்றி இந்தச் சொல்லை எழுதும் முன் ஏன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம். அதுதான் முக்கியமான பாடம்.

புயல் எப்படி வினைச்சொல் ஆனது?

‘ஸ்டார்ம்’ என்றால் புயல். இது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே வினைச்சொல்லாக மாற்றிவிடும் வழக்கம் உண்டு. தண்ணீருக்கு ‘வாட்டர்’, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ‘வாட்டர்’தான். அதுபோல, புயல்போல் பாய்வதும் ‘ஸ்டார்ம்’ ஆகிவிட்டது.

போர்க்களத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி இடம் உண்டு. கோட்டையைத் திடீரென்று தாக்கி உள்ளே புகுவதை ‘ஸ்டார்ம்’ என்பார்கள். 1789 ஜூலை 14 அன்று பாரீஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைத் தாக்கிப் பிடித்தார்கள் அல்லவா, வரலாற்றுப் புத்தகங்கள் அதை ‘தி ஸ்டார்மிங் ஆஃப் தி பாஸ்டில்’ என்றுதான் எழுதுகின்றன.

இந்தப் புயலோடு ‘அவுட்’ என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தால் ‘ஸ்டார்ம் அவுட்’. இப்படி ஒரு வினைச்சொல்லும் ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து புதிதாக ஒரு பொருளைத் தருவதை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். ‘லுக்’ என்றால் பார்ப்பது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரிப்பது. ‘கிவ்’ என்றால் கொடுப்பது. ‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது. குட்டிச் சொல் மாறினால் பொருளே மாறிவிடும். ஆங்கிலம் கற்பவர்களுக்குத் தலைவலி தருவதும் அந்தக் குட்டிச் சொல்தான்.

‘ஸ்டார்ம் அவுட்’ அந்த அளவுக்குப் படுத்தாது. புயல்போல வெளியேறுவது என்று சொல்லிலேயே படம் தெரிகிறது. தமிழில் ‘விருட்டென்று எழுந்து போனாள்’ என்கிறோமே, அதற்கு மிகவும் நெருக்கமானது இது.

இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. போகிறவருக்குக் கோபம் இருக்க வேண்டும். போவதில் வேகம் இருக்க வேண்டும். அந்தக் கோபம் அங்கிருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மனதுக்குள் குமுறிக்கொண்டே, ‘சரி, நான் வரேன்’ என்று புன்னகையோடு கிளம்பினால் அது ‘ஸ்டார்ம் அவுட்’ ஆகாது. ரயிலைப் பிடிக்க அவசரமாக ஓடினாலும் ஆகாது.

வாக்கியத்தில் எப்படி வைப்பது?

நிகழ்காலத்தில் ‘ஸ்டார்ம் அவுட்’ அல்லது ‘ஸ்டார்ம்ஸ் அவுட்’. இறந்தகாலத்தில் ‘ஸ்டார்ம்ட் அவுட்’. பெரும்பாலும் நடந்து முடிந்ததைச் சொல்லத்தான் இது பயன்படும் என்பதால் இறந்தகால வடிவம்தான் அதிகம் தேவைப்படும்.

எங்கிருந்து போனார் என்று சொல்லத் தேவையில்லை என்றால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும்.

‘ஷி ஸ்டார்ம்ட் அவுட்.’ அவள் கோபமாக வெளியேறிவிட்டாள்.

இடத்தைச் சொல்ல வேண்டும் என்றால் நடுவில் ‘ஆஃப்’ வர வேண்டும்.

‘ஹி ஸ்டார்ம்ட் அவுட் ஆஃப் தி மீட்டிங்.’ அவர் மீட்டிங்கிலிருந்து கோபமாக வெளியேறினார்.

இங்கேதான் நம்மில் பலர் சறுக்குவோம். தமிழில் ‘மீட்டிங்கிலிருந்து’ என்று யோசித்துவிட்டு ‘ஸ்டார்ம்ட் அவுட் ஃப்ரம் தி மீட்டிங்’ என்று எழுதத் தோன்றும். ‘அவுட் ஆஃப்’ என்பதே இயல்பானது. கதவுக்கு மட்டும் சின்னச் சலுகை உண்டு. ‘ஸ்டார்ம்ட் அவுட் தி டோர்’ என்று ‘ஆஃப்’ இல்லாமல் பேச்சில் சொல்வார்கள், முக்கியமாக அமெரிக்காவில்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: ‘ஸ்டார்ம்ட் அவுட் ஆங்க்ரிலி’ என்று எழுத வேண்டாம். கோபம் ஏற்கெனவே ‘ஸ்டார்ம்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ‘நடு சென்டர்’ என்று சொல்லிச் சிரிப்போமே, அந்தக் கதைதான். காரணத்தைச் சொல்லலாம், தவறில்லை. ‘ஹி ஸ்டார்ம்ட் அவுட் ஆஃப்டர் ஆன் ஆர்க்யுமென்ட் வித் ஹிஸ் பிரதர்.’ அண்ணனோடு வாக்குவாதம் முற்றியதும் அவர் விருட்டென்று கிளம்பிவிட்டார்.

இரண்டு: இந்தச் சொல்லுக்கு நடுவே யாரையும் எதையும் செருக முடியாது. ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ என்பதை ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ‘ஸ்டார்ம் அவுட்’ அப்படிப் பிரியாது. ஒருவர் தானாக வெளியேறுவதைத்தான் இது சொல்லும். அடுத்தவரைக் கோபமாக வெளியே அனுப்பினால் அதற்கு ‘த்ரோ அவுட்’ என்று வேறு சொல் இருக்கிறது.

மூன்று: ‘ஹி வாஸ் ஸ்டார்ம்ட் அவுட்’ என்பது தவறு. கோட்டை தாக்கப்பட்டது என்பதற்கு ‘தி ஃபோர்ட் வாஸ் ஸ்டார்ம்ட்’ என்று எழுதலாம். ‘அவுட்’ சேர்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அதோடு, ஒரு படம் ‘டுக் தமிழ்நாடு பை ஸ்டார்ம்’ என்று போஸ்டரில் பார்த்தால் பயப்பட வேண்டாம். அங்கே கோபமே இல்லை. படம் ஊரையே கலக்கிவிட்டது என்ற பாராட்டு அது.

அவுட், ஆஃப், இன்டு

குட்டிச் சொல்லை மாற்றினால் திசை மாறும் என்றேன் அல்லவா? கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குள் நியாயம் கேட்க நுழைந்தாளே, அது ‘ஸ்டார்ம்ட் இன்டு தி கோர்ட்’. கோபமாக உள்ளே நுழைவது ‘ஸ்டார்ம் இன்’. எந்த இடத்துக்குள் என்று சொன்னால் ‘ஸ்டார்ம் இன்டு’. நாடாளுமன்றச் செய்திகளில் உறுப்பினர்கள் அவையின் மையப் பகுதிக்குள் பாய்ந்தார்கள் என்பதை ‘ஸ்டார்ம்ட் இன்டு தி வெல் ஆஃப் தி ஹவுஸ்’ என்று இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதும் இந்தக் கணக்கில்தான்.

‘ஸ்டார்ம் ஆஃப்’ என்பது இடத்தைவிட்டு விலகிப் போவது. நான்கு சுவரும் கதவும் உள்ள இடம் என்றால் ‘அவுட்’. தெரு, மைதானம், மேடை போன்ற திறந்த இடம் என்றால் ‘ஆஃப்’. அறைக்குள்ளிருந்து ‘ஸ்டார்ம் அவுட்’, பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது ‘ஸ்டார்ம் ஆஃப்’.

மைதானம் என்றதும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு 1981-ம் ஆண்டு மெல்போர்ன் டெஸ்ட் நினைவுக்கு வரும். பிப்ரவரி 10. டென்னிஸ் லில்லி வீசிய பந்தில் இந்திய கேப்டன் சுனில் கவாஸ்கருக்கு 70 ரன்னில் எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டார் நடுவர். பந்து பேட்டில் பட்டது என்று பேடைத் தட்டிக் காட்டினார் கவாஸ்கர். பலனில்லை. கிளம்பியவர் சில அடிகளில் திரும்பிவந்து, எதிர்முனையில் ஆடிக்கொண்டிருந்த சேத்தன் சௌஹானையும் ‘வா, போகலாம்’ என்று கூடவே அழைத்துக்கொண்டு நடந்தார். அப்படியே இருவரும் உள்ளே போயிருந்தால் இந்தியா ஆட்டத்தையே கைவிட்டதாக ஆகியிருக்கும். எல்லைக்கோட்டருகே இந்திய அணியின் மேலாளர் குறுக்கே வந்து நின்று, சௌஹானைத் திருப்பி அனுப்பினார்.

இந்தக் காட்சியை ஆங்கிலத்தில் எழுதுங்கள் பார்க்கலாம். கவாஸ்கருக்கு ‘ஸ்டார்ம்ட் ஆஃப் தி ஃபீல்ட்’ பொருந்தும். சௌஹானுக்கு? அவர் கேப்டன் கூப்பிட்டதால் கூடவே நடந்தவர். ‘வாக்ட் ஆஃப் வித் ஹிஸ் கேப்டன்’ என்பதுதான் அவருக்கு நியாயம். ஒரே மைதானம், ஒரே நடை. இரண்டு பேருக்கு இரண்டு வினைச்சொற்கள்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: வெற்றிக்கு 143 ரன் தேவைப்பட்ட ஆஸ்திரேலியாவை 83 ரன்னில் சுருட்டியது இந்தியா. காயத்தோடு பந்து வீசிய கபில்தேவ் 5 விக்கெட் எடுத்தார். 59 ரன் வித்தியாசத்தில் வெற்றி. எல்லைக்கோட்டில் ஒருவர் குறுக்கே வந்து நின்றதால் கிடைத்த வெற்றி என்றும் சொல்லலாம். அன்று அப்படி நடந்துகொண்டதற்காகப் பிற்காலத்தில் கவாஸ்கர் வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

கோபத்தில் எத்தனை நடை!

கோபித்துக்கொண்டு கிளம்புகிற எல்லோரும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆங்கிலம் ஒவ்வொரு நடைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது.

* ஸ்டாம்ப் ஆஃப்: காலைத் தொம் தொம்மென்று தரையில் உதைத்துக்கொண்டு போவது. போனைப் பிடுங்கிவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் போகிற நடை.

* ஸ்டாக் ஆஃப்: தலையை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாகப் போவது. சத்தம் இருக்காது. ‘உன்னோடு எனக்கென்ன பேச்சு’ என்ற தோரணை மட்டும் இருக்கும்.

* ஃப்ளவுன்ஸ் அவுட்: எல்லோரும் பார்க்கட்டும் என்று நாடகத்தனமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது. இதில் கேலி கலந்திருக்கிறது. பெரும்பாலும் பெண்களைப் பற்றித்தான் இதைச் சொல்கிறார்கள் என்பதால் எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

* லீவ் இன் எ ஹஃப்: முறுக்கிக்கொண்டு போவது. மனத்தாங்கல்தான் அதிகம், ஆத்திரம் குறைவு.

* ரேஜ் க்விட்: வீடியோ கேம் ஆடுகிறவர்களின் சொல். தோற்கிற கடுப்பில் கேமைப் பாதியில் அணைத்துவிட்டுப் போவது. இப்போது கோபத்தில் வேலையை விடுவதற்கும் இளைஞர்கள் இதைச் சொல்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ‘வாக் அவுட்’.

எதிர்ப்புக்கு ஒரு நடை

‘வாக் அவுட்’ என்பதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: வெளிநடப்பு. சட்டமன்றச் செய்திகளால் ஊரெல்லாம் தெரிந்த சொல். வினைச்சொல்லாக எழுதினால் ‘வாக் அவுட்’ இரண்டு சொற்கள். பெயர்ச்சொல்லாக எழுதினால் இடைவெளி இல்லாமல் ‘வாக்அவுட்’. ‘தி ஆப்போசிஷன் ஸ்டேஜ்ட் எ வாக்அவுட்’ என்றால் எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு செய்தனர். தொழிலாளர்கள் திடீரென வேலையை நிறுத்திவிட்டு வெளியே வருவதற்கும் இதே சொல்தான்.

இதில் கோபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதிர்ப்பு கட்டாயம் இருக்கும். ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு, அமைதியாகவும் வெளிநடப்பு செய்யலாம். ‘ஸ்டார்ம் அவுட்’ அப்படித் திட்டமிட்டு வருவதில்லை; அந்த நொடியில் வெடிப்பது.

இந்த இரண்டு சொற்களும் ஒரே சம்பவத்தில் மோதிக்கொள்வதும் உண்டு. 1971 டிசம்பர் 15. வங்கதேசப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஐ.நா. பாதுகாப்பு சபையில் பாகிஸ்தான் சார்பில் பேசிய சுல்பிகர் அலி பூட்டோ, கையிலிருந்த தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு அவையிலிருந்து வெளியேறினார். மறுநாளே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அன்று பூட்டோ செய்ததை ‘வாக்ட் அவுட்’ என்று எழுதினால், ஒரு நாட்டின் பிரதிநிதி தெரிவித்த எதிர்ப்பு முன்னால் வந்து நிற்கிறது. ‘ஸ்டார்ம்ட் அவுட்’ என்று எழுதினால், ஒரு தனிமனிதரின் ஆத்திரம் முன்னால் வந்து நிற்கிறது. கிழிந்த தாள் ஒன்றுதான். எழுதுகிறவர் எதைப் பெரிதாகக் காட்ட நினைக்கிறாரோ, அதற்கேற்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்.

‘வாக் அவுட்’ பின்னால் ‘ஆன்’ சேர்ந்தால் கதை இன்னும் கனமாகிவிடும். ‘வாக் அவுட் ஆன்’ என்றால் நம்பி இருப்பவரைக் கைவிட்டுப் போவது. ‘ஹி வாக்ட் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி.’ அவர் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். நார்வே நாடக ஆசிரியர் ஹென்ரிக் இப்சன் 1879-ல் எழுதிய ‘எ டால்ஸ் ஹவுஸ்’ நாடகத்தின் முடிவில், நோரா தன் கணவனோடு உட்கார்ந்து நீண்ட நேரம் நிதானமாகப் பேசிவிட்டு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கீழே கதவு மூடும் சத்தத்தோடு நாடகம் முடிகிறது. கதவுச் சத்தம் கேட்டதே என்று அதை ‘ஸ்டார்ம் அவுட்’ என்று எழுதினால், அவள் அவ்வளவு நேரம் பேசிய பேச்சுக்கு மரியாதை இல்லாமல் போய்விடும்.

ஒரு சொல் ஒருவரை என்ன செய்யும்?

இப்போது உங்கள் ஆபீஸுக்கு வருவோம். ஒரு மீட்டிங். ஒரு பெண் ஊழியர், தான் செய்த வேலைக்கு வேறொருவர் பெயர் போடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுகிறார். ‘அதையெல்லாம் இப்போ பேச வேண்டாம்’ என்கிறார் மேனேஜர். அந்தப் பெண் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வெளியே போகிறார். நடந்தது இவ்வளவுதான்.

அன்று மாலை மேலிடத்துக்குப் போகும் மெயிலில் மேனேஜர் மூன்று விதமாக எழுதலாம்.

‘ஷி லெஃப்ட் தி மீட்டிங்.’ அவர் மீட்டிங்கிலிருந்து போனார். வெறும் தகவல்.

‘ஷி வாக்ட் அவுட் ஆஃப் தி மீட்டிங்.’ எதையோ எதிர்த்துப் போனார். படிப்பவருக்கு ‘எதை எதிர்த்து?’ என்று கேட்கத் தோன்றும்.

‘ஷி ஸ்டார்ம்ட் அவுட் ஆஃப் தி மீட்டிங்.’ ஆத்திரத்தில் பாய்ந்து போனார். படிப்பவருக்கு இனி எதையும் கேட்கத் தோன்றாது. ‘ஓ, கொஞ்சம் கோபக்காரர் போல’ என்ற முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. வேலைக்கு யார் பெயர் போடப்பட்டது என்ற கேள்வி காணாமலே போய்விட்டது.

‘ஸ்டார்ம் அவுட்’ என்பது நடந்ததைச் சொல்வதோடு நிற்காமல் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. போனவரின் கோபத்தைக் காட்டி, கோபத்தின் காரணத்தை மறைத்துவிடுகிறது. பேச்சில் இது காற்றோடு போய்விடும். மெயிலில் எழுதினால் ஃபைலில் தங்கிவிடும். அடுத்த வருடம் பதவி உயர்வுக்காக அந்த ஃபைலைத் திறக்கும் ஒருவர், மீட்டிங்கில் இல்லாத ஒருவர், இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அந்தப் பெண்ணை அளப்பார். ஆங்கிலம் நமக்குப் பள்ளியில் படித்து வந்த மொழி என்பதால் இந்தச் சொற்களின் எடை பல நேரம் கைக்குத் தெரிவதில்லை. ‘நல்ல இங்கிலீஷா இருக்கே’ என்று ஸ்டைலுக்காக எழுதிவிடுகிறோம்.

அதனால் ஒரு எளிய விதி. கதையில், நண்பர்களோடு அரட்டையில், சினிமா விமர்சனத்தில் ‘ஸ்டார்ம் அவுட்’டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புகார், அறிக்கை, விளக்கக் கடிதம் என்றால் ‘லெஃப்ட்’ என்று எழுதி, எத்தனை மணிக்கு, என்ன பேச்சுக்குப் பிறகு என்பதைச் சேர்த்துவிடுங்கள். முடிவைப் படிப்பவரிடம் விட்டுவிடலாம்.

உங்களைப் பற்றியே யாராவது இப்படி எழுதிவிட்டால்? பதிலுக்குப் பதில் காரசாரமாக எழுதினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். இரண்டே வரி போதும்.

‘ஐ வுட் நாட் டிஸ்கிரைப் இட் அஸ் ஸ்டார்மிங் அவுட்.’ நான் ஆத்திரத்தில் வெளியேறியதாகச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

‘ஐ லெஃப்ட் அட் 4.10, ஆஃப்டர் சேயிங் தட் ஐ டிட் நாட் அக்ரீ.’ எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டு 4.10-க்குக் கிளம்பினேன்.

நிஜமாகவே கோபம் தலைக்கேறி, அங்கே ஒரு நிமிடம்கூட உட்கார முடியாத நேரமும் வரும். அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: ‘ஸ்டெப் அவுட்’. சற்று வெளியே போய்வருவது. ‘ஐ நீட் டு ஸ்டெப் அவுட் ஃபார் ஃபைவ் மினிட்ஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வருவேன் என்ற வாக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியே போய் முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பேசலாம். இந்த வாக்கியத்தை ஆபீஸ் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்த மொழியிலும் உதவும்.

நம் ஊர்க் கோபம்

‘கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா’ என்று நாம் சொல்வதை அப்படியே ‘ஸ்டார்ம்ட் அவுட்’ என்று மொழிபெயர்த்தால் சரியாக வருமா? பாதிதான் வரும். ஆங்கிலச் சொல் கதவோடு நின்றுவிடுகிறது. எப்படி வெளியேறினார் என்பதுதான் அதற்கு முக்கியம். நம் ‘கோவிச்சுக்கிட்டுப் போறது’ கதவைத் தாண்டியும் நீளும். போனவர் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யாராவது வந்து கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட ஆள் வர வேண்டும் என்பதுதான் அந்தக் கோபத்தின் நோக்கமே. பழனிக்குப் போன முருகனைச் சமாதானப்படுத்தவும் ஒளவைப் பாட்டி வந்தார். 1965-ல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அந்த ஒளவையாக வந்தது பலருக்கு இன்றும் நினைவிருக்கும்.

இந்தக் கோபத்தை நம்மவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குத் திருக்குறளே சாட்சி. அதன் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. மூன்றும் அன்புள்ளவர்களுக்குள் வரும் பொய்க்கோபத்தைப் பற்றியவை. ‘ஊடல்’ என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் தேடினால் ‘ஸ்டார்ம்’ பக்கம் போகாதீர்கள். ‘லீவ் இன் எ ஹஃப்’தான் ஓரளவு பக்கத்தில் வரும்.

இப்போது கோபித்துக்கொண்டு போக வாசலைத் தாண்டக்கூட வேண்டியதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ‘லெஃப்ட்’ ஆனால் அதுவே ‘ஸ்டார்ம்ட் அவுட் ஆஃப் தி குரூப்’. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போவதுதான் அதில் விஷயம். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் ஒரு மாற்றத்தை அறிவித்தது. குரூப்பிலிருந்து ஒருவர் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் தகவல் போகும். கதவைப் படாரென்று சாத்தியும் சத்தம் கேட்காத நிலைமை ஆகிவிட்டது! சித்தப்பா போனதே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது.

ஆகவே ‘ஸ்டார்ம் அவுட்’டை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ளாமல், அதற்குப் பிறகு வேண்டியிருக்கும் சொற்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. கோபம் தணிவது ‘கூல் டவுன்’. திரும்பி வருவது ‘கம் பேக்’. சமாதானமாகி மீண்டும் சேர்ந்துகொள்வது ‘மேக் அப்’. மனக்கசப்பைப் பேசிச் சரிசெய்வது ‘பேட்ச் அப்’. ‘ஷி ஸ்டார்ம்ட் அவுட், பட் தே மேட் அப் தி நெக்ஸ்ட் டே.’ அவள் விருட்டென்று போனாள். ஆனால் மறுநாளே இருவரும் ராசியாகிவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி

கீழே உள்ள ஐந்து சூழ்நிலைகளுக்கும் பொருத்தமான சொல்லைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து விளையாடலாம்.

1. டி.வி.யை அணைத்ததும் காலை உதைத்துக்கொண்டே மாடிக்குப் போகிறான் பையன்.
2. தண்ணீர் வரி உயர்வைக் கண்டித்து உறுப்பினர்கள் கூட்டத்திலிருந்து வெளியேறினார்கள்.
3. மகனை அடித்த விஷயம் கேள்விப்பட்டு, கொதிப்போடு தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார் அப்பா.
4. மனைவியையும் குழந்தைகளையும் கைவிட்டுப் போய்விட்டார் ஒருவர்.
5. சாப்பாட்டில் உப்பு இல்லை என்ற பேச்சு முற்றி, தட்டை நகர்த்திவிட்டு வீட்டை விட்டு விருட்டென்று கிளம்பினார் தாத்தா.

விடைகள்: 1. ஸ்டாம்ப்ட் ஆஃப். 2. வாக்ட் அவுட். 3. ஸ்டார்ம்ட் இன்டு. 4. வாக்ட் அவுட் ஆன். 5. ஸ்டார்ம்ட் அவுட் ஆஃப் தி ஹவுஸ்.

ஐந்தாவது கேள்வியை மட்டும் தாத்தாவிடமே கேட்டுப் பாருங்கள். ‘நான் எங்கடா கோவிச்சுக்கிட்டுப் போனேன்? காத்தாட நடந்துட்டு வரலாம்னு போனேன்’ என்பார். அவர் கணக்கில் அது ‘ஸ்டெப்ட் அவுட்’. அவர் சொல்வதையும் ஒரு விடையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.